ஒரே மடிக்கணினியில் பல பைத்தான்கள்: மகனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு அனைவரும் நலம்; உன் நலமறிய ஆவல்.

உன் மடிக்கணினியில் பைத்தான் நிரல்மொழியின் பதிப்புகள் நான்கைந்து சேர்ந்துவிட்டன என்றும், ஒரு நிரலுக்காக எதையாவது நிறுவினால் இன்னொன்று ஓடாமல் போகிறது என்றும், அதனால் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் புதியதை மட்டும் வைத்துக்கொள்ளப் போவதாகவும் எழுதியிருந்தாய். கணினி மையத்தில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருப்பவள் என்பதால், இதைப் பற்றி உன்னிடம் விரிவாகவே சொல்ல விரும்புகிறேன். தொலைபேசியில் சொன்னால் பாதி விட்டுப்போகும். இதை முழுவதும் படித்து முடிக்கும் வரை எதையும் நீக்காதே.

ஒரு கணினியில் பல பைத்தான்கள் இருப்பதில் தவறே இல்லை. உன் வேலைக்கு அவை தேவையும்கூட. உன் ஆய்வுக்கூடத்தில் முன்பு இருந்தவர் எழுதிவைத்த வெள்ளக் கணக்கீட்டு நிரல் பைத்தான் 3.8 பதிப்பில் ஓடுகிறது. அதில் எண் கணக்கீட்டுத் தொகுப்பான நம்பையின் பழைய பெயர்களான 'என்பி.ஃப்ளோட்', 'என்பி.இன்ட்' போன்றவை நிறைய இருக்கும் என்று நினைக்கிறேன். அவை நம்பை 1.24-இல் நீக்கப்பட்டுவிட்டன. அந்த நிரலை நிறுவும் கோப்பு 'டிஸ்ட்யூட்டில்ஸ்' என்ற மாட்யூலை (பைத்தானோடு வந்த ஒரு துணைநிரலை) நம்பியிருந்தால், 2023 அக்டோபரில் வந்த 3.12-இல் அந்த மாட்யூலே கிடையாது. பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஏறத்தாழ ஐந்தாண்டுகள்தாம் ஆதரவு உண்டு, 3.8-க்கு 2024-லேயே அது முடிந்துவிட்டது. ஆகவே நிரலை என்றாவது நீ புதுப்பித்துத்தான் ஆகவேண்டும். ஆனால் புதுப்பித்த நிரல் தரும் விடையை ஒப்பிட்டுப் பார்க்கப் பழைய நிரல் பழைய பைத்தானில் ஓடி எண்களைத் தரவேண்டும் அல்லவா? ஒப்பீடு முடியும் வரை 3.8 இருக்கட்டும்.

இப்போது கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் சாளரத்தைத் திறந்து, 'விச்' கட்டளையை '-ஏ' சேர்த்து, 'பைத்தான்3' என்ற பெயருக்கு ஓட்டிப் பார். அந்தப் பெயரில் உள்ளவையெல்லாம் வரிசையாக வரும். மேலே நிற்பதுதான் நீ அழைக்கும்போது ஓடுகிறது. 'பாத்' என்ற சூழல் மாறியில் எழுதியுள்ள கோப்புறைகளை இடமிருந்து வலமாகத் தேடி, முதலில் அகப்பட்டதை ஓட்டுவதைத் தவிர கட்டளைகளை வாங்கி நிறைவேற்றும் ஷெல் வேறொன்றும் செய்வதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் பைத்தானிடமே 'சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்' எது என்று கேட்டால் அது தன் முழு முகவரியையும் சொல்லும். பிழை வந்தவுடன் இணையத்தில் தேடுவதற்கு முன் இந்த இரண்டையும் பார்க்கும் பழக்கம் உனக்கு வந்துவிட்டால், உன் தொல்லையில் பெரும்பகுதி தீர்ந்துவிடும் என்று உறுதியாகச் சொல்வேன்.

'யூஎஸ்ஆர்' கோப்புறைக்குள் உள்ள 'பின்'னில் இருக்கும் பைத்தான்3 உன்னுடையது அன்று, உன் இயங்குதளமான உபுண்டுவினுடையது. கோயில் மடைப்பள்ளிப் பாத்திரத்தை வீட்டுச் சமையலுக்கு எடுக்கமாட்டோம் அல்லவா, அதைப் போல அதைத் தொடாமல் விட்டுவிடு. உன்னிடம் உள்ள உபுண்டு 22.04-இன் பைத்தான் 3.10, அந்த இயங்குதளத்தின் பல கருவிகள் அதை நம்பியே எழுதப்பட்டவை. 'அப்டேட்-ஆல்டர்நேட்டிவ்ஸ்' கட்டளை கொண்டு பைத்தான்3 என்ற பெயரை 3.12-க்குத் திருப்பிவிடும்படி சொல்லும் குறிப்புகள் எங்கும் கிடைக்கின்றன. அப்படிச் செய்த கணினிகள் எங்கள் மையத்துக்கு வந்துகொண்டேயிருக்கின்றன. டெர்மினலைச் சொடுக்கினால் திறப்பதில்லை, ஏனெனில் உபுண்டுவில் அதைத் தொடங்கிவைப்பதே ஒரு சிறிய பைத்தான் நிரல்தான். உபுண்டுவின் தொகுப்புகளை நிறுவும் கருவியான 'ஆப்ட்' ஓடும்போது 'ஆப்ட்_பிகேஜி' என்ற மாட்யூலைக் காணவில்லை என்று புலம்பும். அந்த மாட்யூல் வட்டில்தான் இருக்கிறது. ஆனால் சி மொழியிலிருந்து 3.10-க்கென்றே கம்பைல் செய்யப்பட்டு (இயந்திர மொழிக்கு மாற்றப்பட்டு), கோப்பின் பெயரிலேயே 'சிபைத்தான்-310' என்ற அடையாளத்தோடு இருப்பதால் 3.12 அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. பைத்தான்3-ஐ ஆப்ட் மூலம் நீக்குவது இன்னும் மோசம். அதைச் சார்ந்த தொகுப்புகளையும் சேர்த்து நீக்கப்போவதாக ஒரு நீண்ட பட்டியல் வரும், அதைப் படிக்காமல் சம்மதம் சொன்னவர்கள் டெஸ்க்டாப்பையே இழந்திருக்கிறார்கள். நீ எழுதிய 'எல்லாவற்றையும் நீக்கிவிடுகிறேன்' என்ற வரியைப் படித்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இதுதான்.

உனக்கான பைத்தான்களை உன் வீட்டுக் கோப்புறைக்குள் வைத்துக்கொள். பல பதிப்புகளை நிர்வகிக்கும் பைஎன்வ் கருவியை நீ ஏற்கெனவே வைத்திருக்கிறாய், அதுவே போதும். அது ஒவ்வொரு பதிப்பையும் தன் கோப்புறைக்குள் தனித்தனியாக வைத்து, பாத்தின் தொடக்கத்தில் தன் இடைத்தரகர் கோப்புகளை நிறுத்தி, நீ நிற்கும் கோப்புறையிலோ அதன் மேற்கோப்புறைகளிலோ 'பைத்தான்-வெர்ஷன்' என்ற புள்ளிக்கோப்பு இருக்கிறதா என்று பார்த்து, அதில் எழுதியுள்ள பதிப்புக்கு உன் அழைப்பை அனுப்பிவைக்கிறது. அது மூலநிரலிலிருந்து கம்பைல் செய்வதால், முடிந்தபின் டெர்மினலில் மேலே போய் எச்சரிக்கைகளைக் கட்டாயம் படி. கோப்புகளைச் சுருக்கும் எல்சட்எம்ஏ, தரவுத்தளமான எஸ்கியூலைட் முதலியவற்றின் மேம்பாட்டுத் தொகுப்புகள் உன் கணினியில் இல்லையென்றால், அந்த மாட்யூல்கள் இல்லாத பைத்தானைக் கட்டிவிட்டு, வெற்றி என்றே அது சொல்லும். குறை பல வாரங்கள் கழித்து, வேறெங்கோ தலைகாட்டும்.

பைஎன்வ் பதிப்பைத்தான் பிரிக்கிறது. தொகுப்புகளைப் பிரிக்க ஒவ்வொரு பணிக்கும் தனக்கென்று தொகுப்புகளை வைத்துக்கொள்ளும் ஒரு கோப்புறை, அதாவது மெய்நிகர் சூழல், வேண்டும். அதற்கான 'வீஎன்வி' என்ற கருவி பைத்தான் 3.3 முதல் மொழியோடு சேர்ந்தே வருகிறது. நீ உருவாக்கிய சூழல் எதையாவது திறந்து 'பைவீஎன்வி' என்ற பெயருள்ள அமைப்புக்கோப்பைப் பார். 'ஹோம்' என்று தொடங்கும் வரியில், அந்தச் சூழல் எந்தப் பைத்தானிலிருந்து பிறந்தது என்று எழுதியிருக்கும். சூழலுக்குள் இருக்கும் பைத்தான் பெரும்பாலும் மூலப் பைத்தானைச் சுட்டும் ஒரு குறியிணைப்பு மட்டுமே. மூலப் பைத்தானை நீக்கினால் அதிலிருந்து பிறந்த சூழல்கள் அத்தனையும் அந்தக் கணமே செயலிழக்கும். உபுண்டுவை 24.04-க்கு உயர்த்தினாலும் இதே கதிதான். அதன் பைத்தான் 3.12 என்பதால், பழைய 3.10-இலிருந்து உருவாக்கிய சூழல்களை நீ மறுபடி உருவாக்க வேண்டியிருக்கும்.

சூழலை வேறு கோப்புறைக்கு நகர்த்தாதே, ஆய்வுக்கூடச் சர்வருக்கும் நகலெடுக்காதே. அதற்குள் இருக்கும் கட்டளைக் கோப்புகளின் முதல் வரியில் முழு முகவரி பதிந்திருக்கும். பைத்தான் தொகுப்புகளை நிறுவும் கருவியான பிப்பின் 'பிப் ஃப்ரீஸ்' கட்டளை தரும் தொகுப்புப் பட்டியலை நிரலோடு சேர்த்து, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்'டில் வைத்துவிட்டு, போகுமிடத்தில் அதைக் கொண்டு புதிதாக உருவாக்கிக்கொள். பைத்தான் பதிப்பு அந்தப் பட்டியலில் வராது. அதைத் தனியே எழுதிவை.

பிப் என்று மட்டும் அடிப்பதை இன்றோடு விட்டுவிடு. பைத்தானை அழைத்து, '-எம் பிப்' என்று சேர்த்து நிறுவு. அப்போது தொகுப்பு எந்தப் பைத்தானுக்குப் போகிறது என்பதில் ஐயமே எழாது. நிர்வாகி உரிமை தரும் 'சூடோ'வோடு பிப்பை ஒருபோதும் ஓட்டாதே. உபுண்டு 23.04, டெபியன் 12 முதல் இயங்குதளத்தின் பைத்தானில் பிப் நிறுவ முயன்றால் அதுவே தடுத்துவிடுகிறது. அந்தத் தடையை மீறும் வழியையும் பிழைச் செய்தியிலேயே சொல்கிறது. அந்த வழியில் நீ போகக்கூடாது. உன் 22.04-இல் அந்தத் தடை இல்லாததால் உன் எச்சரிக்கைதான் காவல்.

சூழலை இயக்குவது என்பது முக்கியமாக அதன் 'பின்' கோப்புறையைப் பாத்தின் முன்னால் சேர்ப்பதுதான். குறித்த நேரத்தில் நிரல்களை ஓட்டும் கிரானுக்கு அந்தப் பாத் தெரியாது. அதனால்தான் இரவில் அதன் மூலம் ஓடும் உன் தரவிறக்க நிரல் வேறு பைத்தானில் ஓடியிருக்கிறது. கிரானில் சூழலின் பைத்தானுக்கு முழு முகவரி கொடுத்துவிடு. ஜூப்பிட்டர் நோட்புக்கிலும் இதைக் கவனி: அதைத் திறந்த சூழல் ஒன்றாகவும், நிரலை உண்மையில் ஓட்டும் அதன் கெர்னல் வேறொன்றாகவும் இருக்கலாம்.

பதிப்புகளையும் தொகுப்புகளையும் சேர்த்து நிர்வகிக்கும் கோண்டாவும் இருப்பதாகச் சொன்னாய். நல்ல கருவிதான், ஆனால் அது உன் ஷெல்லான பாஷின் அமைப்புக்கோப்பில் வரிகளைச் சேர்த்து, டெர்மினல் திறந்தவுடன் தன் அடிப்படைச் சூழலை இயக்கிவிடுகிறது. பைஎன்வோடு அது முட்டிக்கொள்வது அங்கேதான். இரண்டில் ஒன்றை வைத்துக்கொள். உன் தோழர்கள் சொல்லும் 'யூவி' 2024-இல் வந்தது; பைத்தானையும் சூழலையும் மிக விரைவாகத் தருகிறது. புதிய பணிக்கு அதைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் ஆய்வேட்டின் நடுவில் இருப்பதை மாற்றவேண்டாம்.

இனி நீக்குவதைப் பற்றி. தொகுப்புப் பட்டியல் எழுதிவைத்த சூழல்களைத் தயங்காமல் அழிக்கலாம். பத்து நிமிடத்தில் திரும்ப உருவாகும். 'யூஎஸ்ஆர்' கோப்புறையின் 'லோக்கல்' பகுதியில் யாரோ மூலத்திலிருந்து நிறுவிய 3.11-ஐ உன் நிரல் எதுவும் பயன்படுத்தவில்லை என்றால் அதையும் எடுத்துவிடலாம், ஆனால் கோப்பு கோப்பாகத்தான் எடுக்கவேண்டும். ஆப்டுக்கு அதைப் பற்றித் தெரியாது. அதில் கைவைக்கும் முன் 'விச்' தந்த வரிசையையும், உன் சூழல்கள் ஒவ்வொன்றின் 'ஹோம்' வரியையும் எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, எது போகலாம் எது இருக்கவேண்டும் என்று குறித்து அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா