சில்லர் ஓடுதா?

அன்பு மகனுக்கு அப்பா எழுதுவது. நாங்க ரெண்டு பேரும் சுகம்.

மூணு வாரமா உன் பவளத் தொட்டிப் படம் ஒண்ணும் வரல. கடைசியா வந்த படத்துல மேல்தட்டு மான்கொம்புப் பவளம் வெளுத்துக் கிடந்துச்சு. கண்ணாடியில உன் நிழலும் விழுந்திருந்தது. தாடி வளத்திருக்க. பின்னால மேசையில தட்டு ஒண்ணுதான் இருந்துச்சு. அதை விடு. படம் வந்தப்ப உங்க ஊர்ல ராத்திரி மணி ரெண்டு. அந்நேரம் விளக்கு எரியலாமா? பவளத்துக்கும் இருட்டு வேணும்னு எனக்குச் சொல்லித் தந்ததே நீதான.

சூட்டைப் பாத்துக்கோ. 26 டிகிரியத் தாண்ட விடாதே. இப்ப கூடியிருந்தா ஒரேயடியா இறக்கிராதே, மெல்ல இறக்கு. ஆவியாகிப் போறது தண்ணி மட்டுந்தான், உப்பு உள்ளயே நிக்கும். குறைஞ்ச அளவுக்கு ஆர்ஓ தண்ணிய ஊத்து. குழாய்த் தண்ணி வேண்டாம், அங்க கிருமி கொல்ல குளோரமின் கலக்காங்க. உப்பு ஆயிரத்துக்கு 35 நிக்கட்டும். கார அளவு எதுன்னாலும் தினமும் அதுலயே இருக்கணும். ஒரு வாரம் மறந்துட்டு ஒரே நாள்ல மொத்த மருந்தையும் கொட்டினா பிழைக்காது. சூட்டையும் பாத்துக்கோ.

முப்பது வருசம் கடல்ல முங்கின எனக்கே நீ சொல்லித்தான் தெரிஞ்சுது: அது கல்லும் இல்ல, பூவும் இல்ல, பிராணி, அதோட சதைக்குள்ள பாசி குடியிருந்து சோறு போடுது, சூடு ஏறினா அதையே வெளிய தள்ளிட்டு வெளுத்துப் போகுது. தெருவுல எத்தனை பேர்ட்ட இதைப் பெருமையாச் சொல்லியிருப்பேன். ஆனாலும் விரலளவு துண்டுக்கு எண்பது வெள்ளி குடுத்தேன்னியே, அன்னைக்கு எனக்குச் சிரிப்பா வந்துச்சு. கோபமும்தான். தாத்தாவும் நானும் அதையே கடப்பாரையால நெம்பி வள்ளம் வள்ளமா சுண்ணாம்புக் காளவாசலுக்குக் குடுத்தோம். அந்தக் காசுலதான் நீ படிச்ச. 2001ல வனவிலங்குச் சட்டத்துல புலி இருக்கிற பட்டியல்ல பவளத்தையும் சேர்த்தாங்க. அதுக்கப்புறமும் கொஞ்ச நாள் போனோம், மறைக்கல. அப்படி வெட்டி வெட்டியே நம்ம தூத்துக்குடிப் பக்கத்து விலாங்குசல்லித் தீவு இன்னைக்குத் தண்ணிக்குள்ள.

2016 கோடையில பவளப்பார் முழுக்க வேட்டி காயப்போட்ட மாதிரி வெளுத்துக் கிடந்ததைப் பாத்தவன் நான். வெளுத்தது எல்லாம் சாகல. சதை ஒட்டியிருந்ததுல கொஞ்சம் பழையபடி நிறம் பிடிச்சுது. மேல பாசி படிஞ்சதுதான் போச்சு. உன்னுடையதைக் கிட்டத்துல பாரு, சதை இருக்கான்னு. இருந்தா விளக்கைக் கொஞ்சம் குறை, தீனி துளி போடு. எடத்தை மாத்தி மாத்தி வைக்காதே.

இதுக்கு மேல சுத்தி வளைக்க முடியல. அந்த வெள்ளிக்கிழமை தொட்டித் தண்ணியக் குளிர வைக்கிற சில்லர் மெஷினை நிப்பாட்டுனது நான்தான்.

உன் வீட்டுக்கு வந்திருந்தப்ப ஹால்ல படுத்திருந்தேன்ல. அந்த உறுமல்ல தூக்கம் வரல. ராத்திரி எந்திச்சு சுவிட்சை அமத்தினேன். காலையில போடலாம்னுதான். மறந்துட்டேன். மூணாம் நாள் நீ பாக்கும்போது மீட்டர்ல 31 இருந்துச்சு. நீ நேரா மருமககிட்டப் போன. "இஸ்திரி போட நீதான் பிளக்கைப் பிடுங்கியிருப்ப"ன்னு கத்தின. அவ இல்லைன்னு ரெண்டு தடவை சொன்னா. மூணாவது தடவை சொல்லல. நான் பேப்பரை விரிச்சு வச்சுக்கிட்டு அங்கதான் உக்காந்திருந்தேன். மாமாவா ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மருமக முன்னால மானம் போகுமேன்னு வாயைத் திறக்கல. சூட்டுல பவளம் என்ன ஆகும்னு தெரியாத ஆளா நான்?

ஊருக்கு வந்தும் ஒரு மாசம் சொல்லல. அம்மாவுக்கே நேத்துதான் தெரியும். சாயங்காலத்துல இருந்து என்கிட்டப் பேசல.

அவகிட்ட நானே பேசுதேன், நம்பர் மாத்திட்டான்னா புது நம்பர் அனுப்பு. நீ முந்திச் சொன்னாலும் சரி. தொட்டியைப் படம் எடுத்து அனுப்பு, பகல்ல எடு.

அவளுக்குப் பிடிக்குமேன்னு மக்ரூன் ரெண்டு பெட்டி வாங்கி வச்சிருக்கு. நமுத்துப் போறதுக்குள்ள அனுப்பணும். ரெண்டையும் ஒரே விலாசத்துக்கு அனுப்பவா, தனித்தனியாவான்னு அம்மா கேக்கச் சொன்னா.

அப்பா