ஆள் உட்காரட்டும், பிறகு பரிமாறுங்கள்

கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்யும் அண்ணன்மார்களுக்கு,

வணக்கம். உங்கள் கைப்பக்குவத்தில் எனக்குக் குறை ஏதுமில்லை. ஆயிரம் பேருக்குக் கொதிக்கும் சாம்பாரில் உப்பு பிசகாமல் பார்ப்பது லேசான வேலையா? நான் பேச வந்தது பரிமாறும் முறையைப் பற்றி.

இப்போதெல்லாம் பந்திக்குப் போனால் இலை ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கிறது. ஜாங்கிரி, இரண்டு பொரியல், கூட்டு, அவியல், வடை, அப்பளம், ஓரத்தில் ஒரு கரண்டி புளியோதரை. உட்காரப்போகிறவர் சர்க்கரை நோயாளியா, ஆறு வயதுப் பிள்ளையா, மொய் எழுதிவிட்டு பஸ் பிடிக்க ஓடுகிறவரா என்று யாருக்குத் தெரியும்? ஆளே இன்னும் வரவில்லையே! ஃபேன் காற்றில் கிடந்த அப்பளம் அதற்குள் நமுத்துவிடுகிறது. பந்தி முடிந்து இலை எடுக்கும்போது, கைபடாத ஜாங்கிரியும் எச்சிலோடு எச்சிலாகச் சுருண்டு போகிறது.

கேட்டால், சாப்பிட வருகிறவர்கள்தான் வீணாக்குகிறார்கள் என்கிறீர்கள். மண்டபத்தில் இலையில் பாதியை வைத்துவிட்டு எழும் அதே அத்தைதான், வீட்டில் மீந்த சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறார், மீந்த இட்லியை உதிர்த்துத் தாளித்து உப்புமா ஆக்குகிறார். வீட்டில் தன் தட்டில் என்ன விழ வேண்டும் என்பது அவர் இஷ்டம். உங்கள் பந்தியில் இலைமேல் கையைக் குறுக்கே நீட்டினாலும் விரலிடுக்கு வழியாக இன்னொரு கரண்டி விழுகிறது.

வீடுகளெல்லாம் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. உலகம் முழுக்கக் கடைகளிலும் உணவகங்களிலும் வீடுகளிலுமாக 2022-இல் வீணான உணவு 105 கோடி டன் என்றும், அதில் 60 சதவீதம் வீடுகளில் போனது என்றும் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கை சொல்கிறது. ஃபிரிட்ஜின் கடைசித் தட்டில் மூடிபோட்ட கிண்ணங்கள் என் வீட்டிலும் உண்டு.

ஆனால் உங்களிடம் இருப்பது வேறு வாய்ப்பு. அண்டாவில் மிஞ்சியதை இன்னொருவர் சாப்பிடலாம். இலையில் விழுந்ததை யாருக்குக் கொடுப்பீர்கள்? கோயம்புத்தூரில் 2014-இல் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ போன்ற அமைப்புகள், மிஞ்சிய சாப்பாட்டை மண்டபத்துக்கே வந்து எடுத்துப்போய்ப் பசித்தவர்களுக்குக் கொடுக்கின்றன. இப்படி உபரி உணவைச் சேகரித்து வழங்குவதற்கென்று உணவுப் பாதுகாப்பு ஆணையமே 2019-இல் விதிமுறை கொண்டுவந்திருக்கிறது. கடைசிப் பந்தி ஓடும்போதே போன் போட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். மண்டபம் காலிசெய்யும் நேரத்தில் கூப்பிட்டால், தேங்காய் அரைத்துவிட்ட கூட்டு அதற்குள் ஊசிப்போயிருக்கும்.

உங்கள் சங்கடமும் புரிகிறது. பரிமாற ஆள் கிடைப்பதில்லை. அடுத்த பந்திக்காரர்கள் நாற்காலிக்குப் பின்னாலேயே வந்து நிற்கிறார்கள். இலைக்கு இவ்வளவு என்று ரேட் பேசுவதால், ஆள் உட்காராத இலைக்கும் சில இடங்களில் காசு ஏறுகிறது. இது மட்டும் எனக்கு நியாயமாகப் படவில்லை. போதாததற்குப் பெண்வீட்டார் வேறு, “இலையில பச்சை தெரியக்கூடாது, பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பதினெட்டு வகை வைத்தால்தான் கௌரவம் என்பது அவர்கள் கிளப்பிவிட்டது. அவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

உப்பு, ஊறுகாய், தண்ணீர் மட்டும் முன்பே வைத்துவிடுங்கள். மற்றதை ஆள் உட்கார்ந்த பிறகு, “வைக்கட்டுமா?” என்று கேட்டு வையுங்கள். சோற்றுக்குக் கரண்டியைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள். வேண்டுமென்றால் இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொள்வோம். பிள்ளைகளுக்குச் சின்ன இலை போதும்.

வரும் ஆவணி முகூர்த்தத்தில் ஒரே ஒரு பந்திக்கு இப்படிச் செய்துபாருங்கள். வித்தியாசம் இருந்ததா என்று என்னைக் கேட்க வேண்டாம். எச்சில் இலைக் கூடையைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்குப் போகிற அம்மாவைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பந்திகளில் உட்காரும் ஒருவர்