செயலாளர் ஆண்டறிக்கை: ரப்பர் நிழலில் தரை ஆர்கிட்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, சங்க உறுப்பினர்களே, வணக்கம்.

சென்ற கூட்டக் குறிப்பு எல்லாருக்கும் கிடைத்திருக்கும். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நான் கோயிலுக்குப் பின்னால் உள்ள ரப்பர் நிலத்தைப் பற்றியே அதிகம் பேசப்போகிறேன். இந்த ஆண்டு நம் உழைப்பெல்லாம் அங்கேதான் போனது.

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டைச் சுற்றிப் பல தோட்டங்கள் செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) மாறிவிட்ட பிறகும் இந்தக் கிழட்டு ரப்பர் மரங்கள் தப்பி நிற்கின்றன. அவற்றின் ஓரத்தில், வெயில் நன்றாகப் படும் இடத்தில், ஊதாப் பூ பூக்கும் ஸ்பாத்தோகுளோட்டிஸ் என்ற தரை ஆர்கிட்டை வைத்தோம். கிழங்கை முழுதாகப் புதைக்காமல் பாதி வெளியே தெரியும்படி நட்டதால் மழையிலும் அழுகவில்லை. உள்நிழலில் லூடிசியா என்ற இன்னொரு தரை ஆர்கிட்: கருஞ்சிவப்பு வெல்வெட் போன்ற இலை, அதில் செம்பு நிற நரம்புகள். கணுவோடு ஒடித்த தண்டைச் சருகின் மேல் படுக்க வைத்தாலே வேர் விட்டுவிடுகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் ரப்பர் இலை உதிர்ந்து வெயில் நேராக இறங்கியபோது, செம்பனை மட்டைகளைக் குத்தி நிழல் கொடுத்த இளைஞர்களுக்கு என் நன்றி. உதிர்ந்த சருகை யாரும் கூட்டி எரிக்க வேண்டாம். ஆர்கிட் விதை தூசு மாதிரி. உள்ளே உணவு இருப்பு கிடையாது. இயற்கையில் மண்ணிலுள்ள பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். இதை 1899-இல் பிரான்சில் நோயல் பெர்னார் கண்டறிந்தார். சருகு மக்கும் மண்ணில் அந்தப் பூஞ்சை நன்றாக வாழும்.

வருத்தமான செய்தியும் உண்டு. வேலியோரம் களைக்கொல்லி அடிக்க வந்த குத்தகையாளர் ஒருவர் ஸ்பாத்தோகுளோட்டிஸ் வரிசையையும் சேர்த்து அடித்துவிட்டார். மடிப்பு மடிப்பான அந்த இலை பூக்காத நேரத்தில் செம்பனை நாற்றைப் போலவே இருக்கும். இனி ஒவ்வொரு வரிசையிலும் பெயர்ப்பலகை வைக்கிறோம்.

குளிர்நாட்டுத் தரை ஆர்கிட்டான சைப்ரிபீடியம் வாங்கலாமா என்று சிலர் கேட்டார்கள். மாதக்கணக்கில் குளிர்காலம் கண்டால்தான் அது மறுபடி துளிர்க்கும். நம் ஊரில் நிலைக்காது. ஆனால் அதன் கதை நமக்குத் தேவை. பிரிட்டனில் தோண்டித் தோண்டி எடுத்தே, 1917-இல் அது அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 1930-இல் யார்க்‌ஷயரில் ஒரே ஒரு செடி அகப்பட்டது. நம் காட்டிலும் அதன் உறவான பாபியோபெடிலம் என்ற ஆர்கிட் இருக்கிறது. அதைக் காட்டிலிருந்து எடுத்து நாடு விட்டு நாடு விற்பதை, அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான சைட்டிஸ் தடை செய்கிறது. ஆகவே காட்டில் பிடுங்கிய ஆர்கிட் எதையும் சங்கம் வாங்காது, ஏற்காது என்று செயலவை முடிவு செய்துள்ளது. நாற்றுப்பண்ணைச் செடியும் உறுப்பினர் வீட்டில் பிரித்த கிழங்கும் போதும்.

பெயர்ப்பலகைக்குப் பலகை தர விரும்புவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்