போர்ட் பிளேரிலிருந்து அம்மா

அன்பு மகள் தேனுவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

நானும் அப்பாவும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நீ போன் எடுப்பதில்லை, மெசேஜ் அனுப்பினால் ஒற்றை டிக்கோடு நிற்கிறது. அதனால்தான் கடிதம். கோபமெல்லாம் இல்லை. நேரத்துக்குச் சாப்பிடு. காலையில் கொஞ்ச நேரமாவது வெளியே போய் வா.

சமையலறை ஜன்னலுக்குப் பச்சைப் பல்லி மறுபடி வந்துவிட்டது. வாழைப்பழத் துண்டு ஒன்றைக் கட்டையில் வைத்தேன். கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது. அப்புறம் பழத்தை நக்கத் தொடங்கியது, நடுவில் தன் கண்ணையும் ஒரு நக்கு. முதுகுப் பச்சையில் சிவப்புப் பொட்டுகள், வாலில் நீலம் ஓடுகிறது. இதன் சொந்தபந்தமெல்லாம் மடகாஸ்கர் பக்கம் இருக்க, இது மட்டும் எப்படி அந்தமானுக்கு வந்தது என்று பள்ளிக்கூட நாளில் என்னைக் கேட்டுத் துளைப்பாயே. எனக்கென்ன தெரியும். நீதான் அப்புறம் படித்து வந்து எனக்குச் சொன்னாய். பக்கத்து வீட்டு டீச்சரிடம் இன்றைக்கும் அதைச் சொல்லிப் பெருமை பேசுகிறேன். "இப்போ என்ன பண்றா?" என்று அவர் கேட்டால் பால் பொங்குகிறது என்று உள்ளே வந்துவிடுகிறேன்.

சித்தி ஏதோ சொன்னாள். அதை விடு.

ஞாயிற்றுக்கிழமை சிடியாடாப்பு போனோம். அப்பா கடலோரம் உட்கார்ந்துவிட்டார், நான் காட்டுப் பாதையில் நடந்தேன். செம்போத்து ஒன்று கைக்கு எட்டும் தூரத்தில், தரையில் எதையோ கிளறிக்கொண்டிருந்தது. ஊரில் தாத்தா வீட்டு வேலியில் வருமே, அதுபோல் கறுப்பு உடம்பு இல்லை. தலையிலிருந்து வயிறு வரை மங்கிய பழுப்பு, இறக்கை மட்டும் செங்கல் நிறம். இந்தத் தீவுக்கூட்டத்தை விட்டால் இது வேறெங்கும் இல்லை என்பாய். என்னைக் கண்டு பறக்கவில்லை. நடந்தே புதருக்குள் போய்விட்டது, அவ்வளவு அலட்சியம்.

அங்கே படாக் மரத்தடியில் காய்ந்த காய்கள் கிடந்தன. அப்பளம் மாதிரி வட்டமாக, ஓரம் மெலிந்து, நடுவில் மட்டும் விதை புடைத்திருக்கும், உனக்குத் தெரியாததா. பலகை பலகையாக வேர் விரித்து அத்தனை பெரிய மரம் நிற்கிறது, கீழே ஒரு கன்றுகூட என் கண்ணில் படவில்லை. புள்ளிமான்தான் காரணம் என்று நீ சொன்னது நினைவுக்கு வந்தது. வெள்ளைக்காரன் கொண்டுவந்து விட்டான், புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை, முளைக்கிறதையெல்லாம் அது மேய்ந்துவிடுகிறது. ராஸ் தீவில் சுற்றுலாக்காரர்கள் அதற்கு பிஸ்கட் ஊட்டிப் படம் எடுக்கும்போது உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மானைச் சொல்லி என்ன பயன் என்று நான் சமாதானம் சொல்வேன்.

மடி நிறையக் காய் பொறுக்கி வந்தேன். பால் பாக்கெட்டில் மண் நிரப்பிப் போட்டதில் சில முளைத்திருக்கின்றன. வெயிலில் வைப்பதா நிழலிலா என்று உன்னைத்தான் கேட்க வேண்டும். நீ வெளியே போகிறாயா இல்லையா? அந்த ஊரிலும் மரம் இருக்கும். ஏதோ ஒரு மரத்தடியில் போய் நில், போதும்.

நார்கொண்டம் போய் வந்த வருஷம் ராத்திரி முழுக்க இருவாச்சிக் கதைதான் சொன்னாய். சுமார் 7 சதுர கிலோமீட்டர் தீவு, உலகத்தில் அந்த இருவாச்சிக்கு அது ஒன்றுதான் வீடு. பெட்டை மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், ஆண் பறவை அத்திப்பழம் கொண்டுவந்து கொடுக்கும் என்றாய். அதற்கு மூச்சு முட்டாதா என்று கேட்டேன். சிரித்தாய். அலகு நுழைகிற அளவுக்கு ஓர் இடுக்கு விட்டுத்தான் அடைக்கும் அம்மா, நேரம் வந்தால் கொத்தி உடைத்துக்கொண்டு வெளியே வரும், அதுவரை யாரும் போய்த் தொந்தரவு செய்யக்கூடாது என்றாய்.

நானும் தொந்தரவு செய்யவில்லை. அந்த ஆராய்ச்சி, கைடு, பட்டம் பற்றி ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். உன் அப்பாவும் கேட்க மாட்டார், நான் சொல்லி வைத்திருக்கிறேன். ஆனால் இடுக்கையும் சேர்த்து அடைத்துவிட்டால் நான் எந்த வழியாக எதைக் கொடுப்பது?

மே மாதக் கடைசிக்குள் இங்கே மழை பிடித்துவிடும். கன்றுகளை அதற்குள் இடம் மாற்ற வேண்டும், எனக்கு முதுகு வளையவில்லை. டிக்கெட்டுக்கு அப்பா பணம் எடுத்து வைத்திருக்கிறார். வருவதும் வராததும் உன் இஷ்டம்.

நேரத்துக்குச் சாப்பிடு. கடிதம் கிடைத்ததும் பேசக்கூட வேண்டாம், ஒரு மிஸ்டு கால் கொடு.

அம்மா