ஏரிக்கடியிலேயே இருக்கட்டும்

ஆசிரியருக்கு,

மூழ்கிய கப்பல்களைத் தூக்கி வந்து காட்சிக்கு வைக்க வேண்டும் என்பவர்கள் 'ஆல்வின் கிளார்க்' பட்ட பாட்டை அறிய வேண்டும். அமெரிக்காவின் மிச்சிகன் ஏரியில், கிரீன் பே விரிகுடாவில் 1864-இல் புயலில் கவிழ்ந்த மரப் பாய்க்கப்பல் அது. குளிர்ந்த நன்னீர், மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு அங்கே வாழாது. அதனால் நூறாண்டு கழித்தும் கட்டுக் குலையாமல் கிடந்தது. 1969-இல் அரும்பாடுபட்டு மேலே தூக்கினார்கள். உள்ளிருந்த நீரை இறைத்ததும் மிதக்கவே செய்தது! ஆனால், ஊறிய மரத்தை முறையாகப் பதப்படுத்தப் பணம் இல்லை. வெயிலிலும் பனியிலும் உளுத்துப்போன கப்பலை 1994-இல் இடித்தே அகற்றினார்கள். எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. பராமரிப்புக்கான நிதி கைக்கு வரும்வரை எந்த மரக்கப்பலையும் ஏரியிலிருந்து எடுக்க அனுமதிக்கக் கூடாது.

- வாசகர், தூத்துக்குடி