மணலைப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர்களுக்கு

தரங்கம்பாடி கடற்கரையிலும் வேதாரண்யம் மணல்மேடுகளிலும் எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இரண்டு சனிக்கிழமைகள் நடந்து திரும்பியிருக்கிறார்கள். கூட நின்றவர்களுக்கு அவர்களுடைய ஆசிரியை எழுதும் நன்றி மடல் இது.

முதல் நன்றி பெற்றோருக்கு. 2004 டிசம்பர் 26-க்குப் பிறகு இந்தக் கரையில் ஒரு பிள்ளையைக் கடலோரம் அனுப்ப எவ்வளவு மனத்துணிவு வேண்டும் என்று எனக்குத் தெரியும். கையெழுத்துப் போட்டதோடு நிற்காமல் நான்கு அம்மாக்கள் வெயிலில் கூடவே நடந்தீர்கள்.

அப்புறம் நிலவியல் பேராசிரியர் ஐயா. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயில் பக்கம் மணலில் கறுப்புக் கோடுகளைப் பார்த்த பிள்ளைகள், படகு டீசல் கறை என்றார்கள். நீங்கள் மறுத்துப் பேசவில்லை. காந்தத்தைப் பாலிதீன் உறையில் சுற்றி ஒரு பையன் கையில் கொடுத்தீர்கள். கறுப்பு மணிகள் மீசை மாதிரி விறைத்து ஒட்டிக்கொண்டன. அது மேக்னடைட் என்ற இரும்புத் தாது என்றும், லேசான வெள்ளை மணலை அலை அள்ளிப்போனால் இல்மனைட், சிவப்புக் கார்னெட் என்ற கனமான தாதுமணிகளும் அதனுடன் பின்தங்கும் என்றும் அதன் பிறகுதான் சொன்னீர்கள். மேற்கே மலைப்பாறை தேய்ந்து, காவிரியோடு வந்து சேர்ந்த மணல். 1934-ல் மேட்டூர் அணை வந்த பிறகு அதில் பெரும்பங்கு அங்கேயே தங்கிவிடுகிறது என்றதும், "அப்போ நம்ம கரைக்கு மணல் வராதா சார்?" என்று ஒரு பெண் கேட்டாள். கோயிலின் முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோயிருப்பதைப் பார்த்துக்கொண்டே கேட்ட கேள்வி அது. வகுப்பறையில் நான் எத்தனை வருடம் பாடம் நடத்தினாலும் வராத கேள்வி.

அதற்குப் பாதி பதில் சொன்னவர் வலை பிரித்துக்கொண்டிருந்த தாத்தா. "சோழகத்துல மணல் வடக்க போவும், வாடையில தெக்க திரும்பும். நடுவுல கல்லக் கொட்டுனா ஒரு பக்கம் சேரும், மறுபக்கம் அரிக்கும்." சோழகம் என்றால் தென்காற்றுக் காலம், வாடை வடகாற்றுக் காலம். பேராசிரியர் தன் நோட்டை எடுத்து தாத்தா சொன்னதை எழுதிக்கொண்டதைப் பிள்ளைகள் பார்த்தார்கள். தாத்தா, அதற்காகவே உங்களுக்குத் தனி நன்றி.

இரண்டாம் வாரம் வருவதாகச் சொன்ன வேன் வரவில்லை. காலை ஏழு மணிக்குத் தன் வண்டியைக் கொடுத்து, டீசலுக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்ட தம்பி நன்றாக இருக்க வேண்டும்.

வேதாரண்யத்தில் தோட்டத்துக்குள் விட்ட அண்ணனையும் அக்காவையும் மறக்க முடியாது. கடல் கண்ணுக்கே தெரியாத இடம். கிணற்றுக்குத் தோண்டிப்போட்ட மணலில் கடற்சிப்பி! மேடு, பள்ளம், மறுபடி மேடு என்று வரிசையாகக் கிடப்பவை ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் கடற்கரையாக இருந்தவை. கடல் விலக விலக, அலை குவித்த மேடுகள் உள்ளே நின்றுவிட்டன. அந்த மேட்டில் ஊரும், மாமரமும், கையெட்டும் ஆழத்தில் நல்ல தண்ணீரும். அந்தத் தண்ணீரைத்தான் அக்கா எல்லோருக்கும் மொண்டு கொடுத்தார்.

பதினோரு கண்ணாடிப் பாட்டில்களில் மணல், எடுத்த இடமும் தேதியும் எழுதி வகுப்பு அலமாரியில் இருக்கிறது. ஐயா, உங்கள் காந்தமும் எங்களிடம்தான். வாடை முடிந்து தை பிறந்ததும் அதே இடத்தில் மறுபடி மணல் எடுக்கப் போகிறோம். அதுவரை இருக்கட்டுமே.