‘கேக்குதா?’ என்ற கேள்விக்கு ஒரு முனைவர் பட்ட இடம் ஒதுக்குங்கள்

தமிழ்நாட்டுப் பொறியியல் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்டக் குழுக்களுக்கும், மின்னணு–தொடர்பியல், கணினித் துறை நெறியாளர்களுக்கும் வணக்கம்.

இணையவழிக் குரல், காணொளி அழைப்புகளின் தரத்தை அளப்பதையே வேலையாகக் கொண்டவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. இந்தத் துறையில் ஆய்வு இடங்களைத் திறங்கள். திறக்கும்போது, மனிதக் காதில் போய் முடியாத எந்தத் திட்டத்தையும் ஏற்காதீர்கள். எங்கள் கோரிக்கை இவ்வளவுதான்.

வலைப்பின்னலைக் கணினிக்குள்ளேயே போலியாக ஓட்டிக் காட்டும் என்.எஸ்-2 மென்பொருளில் முப்பது கணுக்களை அமைத்து, வரிசை முறையை மாற்றி, பாக்கெட் (தரவுப் பொதி) இழப்பு 4 சதவீதத்திலிருந்து 2 ஆனது என்று வரைபடம் போடுவது அழைப்புத் தர ஆய்வு ஆகாது. அந்த மென்பொருளின் 2.35 பதிப்பு வந்தது 2011இல். இன்றைய அழைப்புகள் பலவற்றில் ஓடும் ஓபஸ் கோடெக் (ஒலியைச் சுருக்கி அனுப்பி மீட்கும் முறை) தரமாக்கப்பட்டது 2012இல். அதைவிடப் பெரிய சிக்கல், 2 சதவீதம் என்ற எண் தனியே நின்று எதையும் சொல்லாது என்பதுதான். அழைப்புத் தரத்தை மதிப்பிட ஐடியூ (பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) தரும் ஜி.107 கணக்கீட்டையே எடுத்துக்கொள்வோம். ஜி.711 கோடெக், 10 மில்லிநொடி பாக்கெட், சிதறலான 2 சதவீத இழப்பு. பெறும் முனையில் இழப்பை மறைக்கும் வழிமுறை இருந்தால் ஆர் மதிப்பு (அந்தக் கணக்கீடு தரும் தர எண்) 93.2இலிருந்து 86க்கு இறங்கும். அது இல்லையென்றால் 63க்கு. ஐந்துக்கான சராசரி மதிப்பெண்ணில் இது 4.2க்கும் 3.3க்கும் உள்ள தூரம். வலைப்பின்னலில் எதுவுமே மாறவில்லை. இனி அதே 2 சதவீதம் கொத்துக் கொத்தாக விழுந்தால் விடை இன்னும் வேறாகும். ஆகவே கேள்வி பெறும் முனையில்தான் இருக்கிறது.

அந்த முனையில், தமிழுக்கென்றே ஒரு நல்ல ஆய்வு காத்திருக்கிறது.

உலாவி அழைப்புகளுக்கான வெப்ஆர்டிசியின் நெட்ஈக்யூ போன்ற ஜிட்டர் இடையகங்கள் (பாக்கெட் வரும் நேரத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்பவை), பாக்கெட் தாமதமாகும்போது ஒலியை நீட்டுகின்றன, தேங்கிவிட்டால் சுருக்குகின்றன. குரலின் சுருதி மாறாததால் பெரும்பாலும் யாருக்கும் தெரிவதில்லை. ஆனால் தமிழில் நீளமே பொருள். துக்கம், தூக்கம் இரண்டுக்கும் நடுவே இருப்பது பெரும்பாலும் ஒரு மாத்திரைதான். பாடு, பாட்டு என்ற இணையில், ட்ட வரும்போது நா மேலண்ணத்தை அடைத்து நிற்கும் அந்தச் சிறு மௌனமே காதுக்கு முக்கியமான அடையாளம். தொலைந்த 20 மில்லிநொடி பாக்கெட் சரியாக அங்கே விழுந்து, மறைக்கும் வழிமுறை முந்தைய உயிரொலியின் அலையை இழுத்து அந்த மௌனத்தை நிரப்பினால், ‘பாட்டு’ பாட்டாகவே கேட்குமா? இரைச்சல் நீக்கி ழகர, ளகர வேறுபாட்டை மழுங்கடிக்குமா? ஆங்கில வாக்கியங்களில் அளந்த மதிப்பெண் இதற்கு விடையாகாது.

செய்யும் முறையையும் சொல்கிறோம். படம்–பாடம், கொடு–கோடு, பாடு–பாட்டு, கலை–களை–கழை போன்ற இணைகளை, ‘அவர் — என்று சொன்னார்’ என்ற ஒரே சட்டகத்தில் வைத்துப் பதிவு செய்ய வேண்டும். சூழல் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தச் சட்டகம். பதிவு 48 கிலோஹெர்ட்சில், பேச்சளவை ஐடியூவின் பி.56 முறைப்படி, பதிவு தாங்கும் முழு அளவுக்கு 26 டெசிபல் கீழே நிறுத்த வேண்டும். அரை–அறை இணையைச் சேர்க்காதீர்கள்: பலருடைய பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகிவிட்டன, அந்தப் பிழை வலைப்பின்னலின் கணக்கில் ஏறிவிடும். ழகரத்துக்கும் இதே எச்சரிக்கை உண்டு. கெடாத ஒலியில் எல்லா இணைகளையும் பிரித்துச் சொல்பவர்களையே அந்தப் பகுதிக்குக் கேட்பவர்களாக எடுக்க வேண்டும். பிறகு ஓபஸை 12, 24 கிலோபிட்டில் ஓட்டி, இழப்பை 0, 3, 10 சதவீதம் வைத்து, எந்த பாக்கெட் எந்த ஒலியின் மேல் விழுந்தது என்ற நேரப் பதிவோடு விடைகளை ஒப்பிட வேண்டும். இந்தப் பதிவு இல்லாமல் கிடைக்கும் சராசரி எதையும் விளக்காது.

மதிப்பெண் கேட்கும் சோதனையில் இன்னொரு பொறி இருக்கிறது. இந்தச் சோதனைக்கான ஐடியூ பரிந்துரை பி.800இன் ஐந்து படிகளைத் தமிழாக்கும்போது நடுப்படிக்கு ‘பரவாயில்லை’ என்று போட்டுவிடுகிறார்கள். நம் வழக்கில் பரவாயில்லை என்பது பாராட்டாகவும் வரும். ‘பரவாயில்லையே, நல்லா இருக்கே’ என்போம். மூன்றும் நான்கும் அங்கே கலந்துவிடும். ‘சுமார்’ என்ற சொல் நடுவில் சரியாக உட்காரும் என்பது எங்கள் கருத்து. ஆனால் எந்தச் சொல்லானாலும், முதலில் தரம் தெரிந்த ஒலிகளை வைத்துச் சோதித்த பிறகே பயன்படுத்த வேண்டும். இதைச் செய்து முடிப்பதே ஒரு நல்ல கட்டுரைக்குப் போதும்.

ஆய்வுக்கூடத்தில் அடிக்கடி தவறுவது, தாமதத்தையும் இழப்பையும் செயற்கையாக உண்டாக்கும் லினக்ஸின் நெட்எம். தாமதம் 100, ஏற்ற இறக்கம் 20 மில்லிநொடி என்று கட்டளை கொடுத்தால், அது ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனித்தனியாகத் தாமதம் போடுகிறது. பாக்கெட்டுகளின் இடைவெளி அந்த ஏற்ற இறக்கத்தைவிடக் குறைவாக இருந்தால் பின்னால் வந்தது முன்னால் போய்விடும். நிஜ வரிசையில் பாக்கெட்டுகள் நெரிபட்டுத் தாமதமாகுமே தவிர, பெரும்பாலும் முறை மாறுவதில்லை. காணொளியில் ஒரே படச் சட்டத்தின் பல பாக்கெட்டுகள் ஒட்டி ஒட்டி வருவதால் கேடு இரட்டிப்பு. உள்வரிசையாக, வந்த முறையிலேயே அனுப்பும் பிஃபைஃபோவைப் பொருத்துங்கள். அல்லது வேகத்தைக் கட்டுப்படுத்தி, போட்டியிடும் வேறு தரவுப் போக்குவரத்தைச் செலுத்தி, ஜிட்டரைத் தானாக உண்டாக்குங்கள். இழப்புக்கு, கொத்தாக விழுவதையும் காட்டும் கில்பர்ட்–எலியட் முறை. நெட்எம் வெளிச்செல்லும் பாதையில்தான் வேலை செய்யும். இரு திசையும் வேண்டுமானால் இரண்டு வலை அட்டை உள்ள கணினியை நடுவில் வைத்துவிடுங்கள்.

குரல், காணொளி பாக்கெட்டுகளைக் கொண்டுசெல்லும் ஆர்டிபி நெறிமுறையின் அறிக்கையில் வரும் ஜிட்டர் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். ஒவ்வொரு புதிய மாற்றத்திலும் பதினாறில் ஒரு பங்கை மட்டுமே அது ஏற்றுக்கொள்கிறது. திடீர்த் தாவல் அதில் கரைந்துவிடும். அதைவிட, உலாவி தரும் புள்ளிவிவரத்தில் மறைக்கப்பட்ட ஒலித்துணுக்குகளின் எண்ணிக்கையும் இடையகத் தாமதமும் காதுக்கு நெருக்கமானவை.

தாமதத்தை ஒலி கேட்கும் சோதனையில் பிடிக்க முடியாது, இருவர் உரையாடினால்தான் தெரியும். ஐடியூவின் ஜி.114 பரிந்துரை ஒருவழித் தாமதத்துக்கு எல்லையாகச் சொல்லும் 150 மில்லிநொடியை அளக்க இரு கணினிகளின் கடிகாரத்தை ஒத்திசைக்கப் போராட வேண்டியதில்லை. ஒரே இருதடப் பதிவுக் கருவியில் பேசுபவரின் வாயை ஒரு தடத்திலும், கேட்கும் முனையின் ஒலியை மறு தடத்திலும் பிடித்தால் இடைவெளி நேராகக் கிடைக்கும்.

காணொளியில் உறைதலும், உதட்டசைவோடு ஒலி பொருந்தாமையும் தனி ஆய்வுக்கு உரியவை. ஒலி பிந்துவதைவிட முந்துவதைக் கண் சீக்கிரம் பிடிக்கும்: பிடிபடும் எல்லையாக ஐடியூவின் பிடி.1359 பரிந்துரை சொல்வது முந்தினால் 45, பிந்தினால் 125 மில்லிநொடி.

உங்களிடம் கேட்பது பெரிய செலவு அல்ல. மூன்று கணினிகள், ஒரு நல்ல ஒலி இடைமுகம், காதை மூடும் ஹெட்ஃபோன்கள், பின்னணி ஒலி 30 டெசிபலுக்குக் கீழே இருக்கும் ஓர் அறை. அறைதான் கடினம்; மின்விசிறியும் குளிர்சாதனமும் ஓடும் அறையில் அந்த அளவு வராது. கேட்பவர்கள் 24 பேராவது வேண்டும், அவர்களுக்கு ஊதியமும் வேண்டும். வகுப்பு மாணவர்களை வருகைப்பதிவு காட்டி உட்கார வைப்பது முறையல்ல, முடிவையும் கெடுக்கும். குரல் பதிவுகளுக்கு 2023ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனத்தில் வைத்து எழுத்து ஒப்புதல் வாங்கி, நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதல் அரையாண்டிலேயே முடித்துவிட வேண்டும்.

முதல் ஆண்டு முழுதும் பதிவுத் தொகுப்புக்கே போகும். அந்த ஆண்டில் கட்டுரை எங்கே என்று மாணவரை நெருக்காதீர்கள். பட்டத்துக்கு முன் ஆய்விதழ்க் கட்டுரை கட்டாயம் என்ற விதியை யுஜிசி 2022 ஒழுங்குமுறையில் விட்டுவிட்டது. மூன்று முதல் ஆறு ஆண்டு அவகாசமும் தருகிறது. தொகுப்பையே ஆய்வுப் பங்களிப்பாக ஏற்று, மற்ற ஆய்வகங்களும் எடுத்துப் பயன்படுத்தும் உரிமத்தோடு வெளியிடச் செய்யுங்கள்.

அடுத்த சேர்க்கை அறிவிப்பில், துறைக்கு ஓர் இடமாவது இந்தத் தலைப்புக்கென்று அச்சிட்டு வரட்டும். சோதனைத் திட்டத்தைச் சரிபார்க்கவும், மாணவரின் முதல் அளவீடுகளை உடனிருந்து பார்க்கவும் நாங்கள் கட்டணமின்றி வருகிறோம்.

இப்படிக்கு,
இணைய அழைப்புத் தர அளவீட்டுப் பொறியாளர்கள்